இணையத்தில் கண்டெடுத்ததைப் பகிர்வது எப்படி? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இணையத்தில் தற்செயலாகக் கண்ணில் படும் விந்தைகளையும் வழக்கத்துக்கு மாறான கலைப்படைப்புகளையும் தொகுத்து ஒரு சிறு பக்கமாக வெளியிட்டு வருகிறேன். அதைப் பார்த்துவிட்டுத் தாமும் அப்படியொன்றைத் தொடங்க நினைப்பவர்கள் கேட்கும் ஐயங்கள் பெரும்பாலும் ஒரேமாதிரியானவை. ஆகவே, கேட்டவர்களின் சொற்களிலேயே கேள்விகளை வைத்து விடைகளை இங்கே எழுதியிருக்கிறேன்.

எல்லோரும்தான் எதையாவது பகிர்கிறார்கள். "கண்டெடுப்பு" என்று தனியாகச் சொல்ல இதில் என்ன இருக்கிறது?

லட்சம் பேர் கைமாறி உங்களிடம் தானாக வந்து சேர்ந்தது கண்டெடுப்பு அன்று. யாரும் கேட்காமல், விற்கும் எண்ணமும் இல்லாமல் ஒருவர் செய்து ஏதோ ஒரு மூலையில் வைத்துவிட்டுப் போனதை நீங்களாகத் தேடிச் சென்று எடுத்து வந்தால், அதைத்தான் நான் கண்டெடுப்பு என்கிறேன்.

எனக்குப் பிடித்த எடுத்துக்காட்டு ஒரு காபிப் பானை. கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தின் கணினி ஆய்வகத்தில், காபி தீர்ந்துபோனது தெரியாமல் நடந்து சென்று ஏமாந்து திரும்பியவர்கள், 1991இல் அந்தப் பானைக்கு எதிரே ஒரு கேமராவை வைத்தார்கள். 128க்கு 128 பிக்சல் அளவே உள்ள சாம்பல் நிறப் படம் அது. 1993 நவம்பரில் அது வலையில் இணைக்கப்பட்டதும், அந்தக் காபியை ஒருநாளும் குடிக்கப்போகாதவர்கள் உலகின் பல பகுதிகளிலிருந்தும் பானை நிறைந்திருக்கிறதா என்று பார்க்கத் தொடங்கினார்கள். 2001 ஆகஸ்டில் கேமரா அணைக்கப்பட்டபோது, ஜெர்மனியின் டெர் ஷ்பீகல் இதழின் இணையப் பிரிவு அந்தக் காபி இயந்திரத்தை 3,350 பவுண்டு கொடுத்து ஏலத்தில் எடுத்தது. தேவைக்காகச் செய்த சிறு வேலை ஒன்று தன்னை அறியாமலேயே விந்தையாகிவிடுவதுதான் இதில் உள்ள சுவை.

எனக்கு எப்போதும் எல்லோரும் பார்த்துச் சலித்ததுதான் கண்ணில் படுகிறது. நீங்கள் எங்கே போய்த் தேடுகிறீர்கள்?

பரிந்துரைத்துக் கொடுக்கும் பட்டியல்களை விட்டுவிட்டு, பட்டியலிடப்பட்ட கிடங்குகளுக்குள் நுழையுங்கள். அருங்காட்சியகங்களும் நூலகங்களும் இன்று மிகப் பெரிய அளவில் தம் சேகரிப்புகளைத் திறந்து வைத்திருக்கின்றன. நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் கலை அருங்காட்சியகம் 2017 பிப்ரவரியில் 3,75,000 படங்களை எவ்வித உரிமைக் கட்டுப்பாடும் இன்றி விடுவித்தது. அமெரிக்க வேளாண் துறையிடம் பழங்களையும் கொட்டைகளையும் வரைந்த சுமார் 7,500 நீர்வண்ண ஓவியங்கள் உள்ளன. 1886 முதல் 1942 வரை, வண்ண ஒளிப்படத்தைப் பரவலாக நம்ப முடியாத காலத்தில், பழ வகைகளைப் பதிவு செய்து வைப்பதற்காக வரையப்பட்டவை அவை. அழுகிய ஆப்பிளைக்கூட அத்தனை பரிவோடு தீட்டியிருக்கிறார்கள்.

இத்தகைய இடங்களில் "அழகான", "வியப்பான" என்று தேடினால் ஒன்றும் கிடைக்காது. பட்டியல் எழுதிய நூலகர் எந்தச் சொல்லைப் பயன்படுத்தியிருப்பாரோ அந்த வறண்ட சொல்லால் தேட வேண்டும்: "விளம்பர அட்டை", "காப்புரிமை வரைபடம்", "பயிற்சிக் குறிப்பேடு" என்பது போல.

மற்றொரு வழி, தனிமனிதர்கள் தாமே கட்டிய தளங்கள். அவற்றில் பெரும்பாலும் "எனக்குப் பிடித்த இணைப்புகள்" என்று ஒரு பக்கம் இருக்கும். அதிலிருந்து அடுத்தவர் தளம், அங்கிருந்து இன்னொருவர் தளம் என்று நான்காவது வீட்டு வாசலுக்குப் போகும்போதுதான் இதுவரை யாரும் பார்க்காத ஒன்று கிடைக்கும்.

பகிரும்போது கூடவே என்ன எழுத வேண்டும்? படம் தானாகப் பேசாதா?

படம் பேசும், ஆனால் தன் பெயரையும் ஊரையும் சொல்லாது. இது என்ன, யார் செய்தது, நான் ஏன் இதன் முன் நின்றேன் என்ற மூன்றையும் எழுதுங்கள். மூன்றாவதுதான் கடினம், அதைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள். "அருமை", "பாருங்கள்" என்பன காரணங்கள் ஆகா. "இந்தப் படத்தில் நிழல் எல்லாமே தவறான பக்கம் விழுகிறது, ஆனாலும் கண் அதை ஏற்றுக்கொள்கிறது" என்று ஒரு வரி எழுதிவிட்டால், வாசகர் படத்தை இரண்டாவது முறை பார்ப்பார்.

இவற்றோடு, மூலத்துக்கான இணைப்பையும், வேறொருவர் வழியாக நீங்கள் அதைக் கண்டிருந்தால் அவர் பெயரையும் சேர்ப்பது மரியாதை.

படைத்தவர் யாரென்றே தெரியவில்லை. "இணையத்திலிருந்து" என்று போட்டுவிடலாமா?

கூடாது. தெருவில் கிடந்த பணப்பையைக் காட்டி, "தெருவிலிருந்து" என்று சொல்வதைப் போன்றது அது. முதலில் படத்தைக் கொண்டே படத்தைத் தேடும் கருவிகளைப் பயன்படுத்துங்கள். டின்ஐ என்ற சேவை 2008 முதல் இதற்காகவே இருக்கிறது. கிடைத்தவற்றை மிகப் பழையது முதலாக வரிசைப்படுத்தும் வசதி அதில் உண்டு, அதுதான் நமக்கு வேண்டியது. கூகுளிலும் 2011 முதல் படத்தை இட்டுத் தேட முடிகிறது. முழுப் படத்துக்கு விடை வரவில்லையென்றால் ஒரு பகுதியை மட்டும் வெட்டித் தேடுங்கள். இடம் வலமாகத் திருப்பியும் பாருங்கள், ஏனெனில் கண்டுபிடிக்கப்படாமல் இருப்பதற்காகவே படத்தைத் திருப்பிப் போடுகிறவர்கள் இருக்கிறார்கள். ஓரத்தில் கையெழுத்து வெட்டப்பட்டிருக்கிறதா என்பதையும் கவனியுங்கள்.

அரைமணி நேரம் தேடியும் மூலம் கிடைக்கவில்லை என்றால் நான் அதைத் தனிக் கோப்பில் போட்டு வைத்துவிடுகிறேன். ஆறு மாதம் கழித்து வேறெதையோ தேடும்போது அதன் சொந்தக்காரர் எதிரே வந்து நின்றது பலமுறை நடந்திருக்கிறது.

விந்தையாக இருப்பதெல்லாம் உண்மையாக இருக்கும் என்று எப்படி நம்புவது? இப்போது இயந்திரமே படம் வரைகிறதே?

முன்பெல்லாம் விரல்களை எண்ணிப் பாருங்கள், பலகையில் உள்ள எழுத்தைப் படித்துப் பாருங்கள் என்று சொல்லிவந்தேன். இயந்திரங்கள் அந்தப் பிழைகளைத் திருத்திக்கொண்டு வருவதால் அந்த அறிவுரையை இப்போது நம்புவதில்லை. படத்துக்கு உள்ளே துப்புத் தேடுவதைவிட வெளியே தேடுவது மேல். மரத்தால் செய்த திமிங்கிலச் சிற்பம் என்று ஒன்று வந்தால், அதை வேறு கோணத்தில் எடுத்த இன்னொரு படம் உண்டா, செய்தவருக்கு இதற்கு முன் செய்த படைப்புகள் உண்டா, அது எங்கே நிற்கிறது என்று யாரேனும் சொல்லியிருக்கிறார்களா என்று பாருங்கள். உண்மையான பொருளைச் சுற்றிச் சாட்சிகள் இருப்பார்கள். ஒரே ஒரு கோணமும், நாளுக்கொரு அதிசயமும் தரும் சமூக ஊடகக் கணக்கிலிருந்து வருவதை விலக்கிவிடுவது நல்லது.

வேடிக்கைக்காகவே உருவாக்கப்பட்ட பொய்களும் உண்டு. வட அமெரிக்காவின் பசிபிக் கரையோரக் காடுகளில் மரத்தில் வாழும் ஆக்டோபஸ் இருப்பதாகவும் அது அழிந்துவருவதாகவும் சொல்லும் தளம் ஒன்று 1998இல் தொடங்கப்பட்டது. மாணவர்கள் இணையத் தகவலைச் சரிபார்க்கக் கற்றுக்கொள்வதற்காக அதை ஆசிரியர்கள் வகுப்பில் பயன்படுத்தியிருக்கிறார்கள். இப்படிப்பட்டதைத் தாராளமாகப் பகிரலாம். ஆனால் கேலிக்காகச் செய்தது என்பதை முதல் வரியிலேயே சொல்லிவிட வேண்டும். "உலகின் முதல்" என்று தொடங்கும் எதையும் "மிகப் பழையவற்றுள் ஒன்று" என்று மாற்றி எழுதிவிடுவது என் வழக்கம். இதுவரை அதற்காக வருந்தியதில்லை.

பெயரைச் சொல்லி இணைப்பும் கொடுத்துவிட்டால் அனுமதி வாங்கியது போலத்தானே?

இல்லை. பெயர் சொல்வது நன்றி. அனுமதி என்பது உரிமை. பதிப்புரிமைக்கான சர்வதேச ஒப்பந்தமான பெர்ன் உடன்படிக்கையை ஏற்ற நாடுகளில் ஒரு படைப்பு உருவான கணத்திலேயே பதிப்புரிமை பிறந்துவிடுகிறது. எந்தக் குறியீடும் பதிவும் தேவையில்லை. ஆகவே "எங்கேயும் எச்சரிக்கை போடவில்லையே" என்பது வாதமாகாது. படைத்தவர் இறந்த பின் எத்தனை ஆண்டு அந்த உரிமை நீடிக்கும் என்பது நாட்டுக்கு நாடு மாறும்.

கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமங்கள் 2002 இறுதியில் வந்தன. படைத்தவர் முன்கூட்டியே கொடுத்துவைத்த அனுமதிச் சீட்டு அது. ஆனால் சீட்டில் எழுதியிருப்பதைப் படிக்க வேண்டும். வணிகப் பயன்பாடு கூடாது, மாற்றியமைக்கக் கூடாது என்ற நிபந்தனைகள் இருக்கலாம். வெட்டிச் சிறிதாக்குவதுகூட மாற்றமாகக் கருதப்படக்கூடும். எதுவும் எழுதப்படாத படமென்றால், இரண்டு வரியில் கடிதம் எழுதிக் கேளுங்கள். சிறிய படைப்பாளிகள் பெரும்பாலும் மகிழ்ச்சியுடன் சம்மதிக்கிறார்கள். விடை வராவிட்டால் படத்தை விட்டு, இணைப்பையும் உங்கள் மூன்று வரிகளையும் மட்டும் போடுங்கள்.

படத்தை நான் பதிவிறக்கி ஏற்றாமல், அவர்கள் தளத்திலிருந்தே என் பக்கத்தில் தெரியும்படி செய்துவிட்டால் சிக்கல் இல்லையே?

சிக்கல் கூடும். உங்கள் பக்கத்தை ஒவ்வொருவர் திறக்கும்போதும் அவர்களுடைய வழங்கி, அதாவது அவர்கள் தளத்தின் கோப்புகளை அனுப்பும் கணினி, உழைக்கிறது. அதற்கான செலவும் அவர்களுடையது. அவர்கள் அந்தக் கோப்பை மாற்றினால் உங்கள் பக்கத்தில் வேறு படம் தோன்றும். எரிச்சலுற்ற தள உரிமையாளர்கள் வேண்டுமென்றே அப்படி மாற்றி வைப்பதும் உண்டு. முந்தைய விடையில் சொன்ன அனுமதி கிடைத்திருந்தால் படத்தை உங்கள் இடத்திலேயே வையுங்கள்.

"வழக்கத்துக்கு மாறான கலை" என்கிறீர்கள். கலைப்பள்ளிக்குப் போகாதவர் கிறுக்கியதெல்லாம் கலையாகிவிடுமா?

எல்லாம் ஆகாது. ஆனால் பள்ளிக்குப் போகாததே காரணமாக வேறெங்கும் காண முடியாத வடிவம் கிடைத்த படைப்புகள் உண்டு. பிரெஞ்சு ஓவியர் ஜான் துபுஃபே 1940களில் இவற்றுக்கு "பதப்படாத கலை" என்ற பொருளில் ஒரு பெயரிட்டுச் சேகரித்தார். அந்தச் சேகரிப்புக்கு 1976இல் சுவிட்சர்லாந்தின் லோசானில் ஓர் அருங்காட்சியகமே திறக்கப்பட்டது. அதே 1976இல்தான் சண்டிகரில் நேக் சந்த் உருவாக்கிய பாறைத் தோட்டமும் மக்களுக்குத் திறந்துவிடப்பட்டது. சாலை ஆய்வாளராக இருந்த அவர், உடைந்த வளையல்களையும் ஓடுகளையும் பீங்கான் துண்டுகளையும் கொண்டு அரசு நிலத்தில் பல ஆண்டுகள் யாருக்கும் தெரியாமல் அதைக் கட்டிவந்தார். பிரான்சில் ஃபெர்டினான் ஷெவால் என்ற தபால்காரர் நடைவழியில் ஒரு கல் தடுக்கியதிலிருந்து தொடங்கி, 1879 முதல் 1912 வரை 33 ஆண்டுகள் கல் பொறுக்கித் தனியாளாக ஒரு மாளிகையைக் கட்டினார்.

கணினிக்கும் இப்படி ஒருவர் இருக்கிறார். ஜப்பானைச் சேர்ந்த தத்ஸுவோ ஹொரியுச்சி, ஓய்வுபெறும் வயதில், வரைவதற்கான மென்பொருள் விலை அதிகம் என்பதால், கணினியோடு வந்த எக்செல்லில் இயற்கைக் காட்சிகளை வரையத் தொடங்கினார். கணக்குப் போடும் கட்டங்களின் மேல் செர்ரி மரங்கள் பூத்தன. எதை நான் பகிர்கிறேன் என்பதற்கு என் அளவுகோல் இதுதான்: கையில் கிடைத்த கருவியின் தடையே படைப்பின் முகத்தைத் தீர்மானித்திருக்க வேண்டும்.

இப்படிப்பட்டவற்றைப் பகிர்வது, செய்தவரைக் கேலி செய்வதில் போய் முடியாதா?

முடியக்கூடும், நியாயமான அச்சம். அமெரிக்காவின் பாஸ்டன் பகுதியில் 1994இல் தொடங்கப்பட்ட மோசமான கலைக்கான அருங்காட்சியகம் என்றொரு நிறுவனம் இருக்கிறது. குப்பையிலிருந்து எடுத்த ஓர் ஓவியத்தில் தொடங்கியது அது. அவர்கள் ஒரு விதியை வைத்திருக்கிறார்கள்: உண்மையான முனைப்போடு வரையப்பட்டு, எங்கோ தடம் மாறிப்போன படைப்பாக இருக்க வேண்டும், வேண்டுமென்றே மோசமாக வரைந்ததை ஏற்பதில்லை. அந்த விதி சிரிப்புக்குள்ளே மரியாதையைக் காப்பாற்றுகிறது. என் பக்கத்தில் எழுதும் மூன்றாவது வரியை, படைத்தவர் எதிரே நின்று படித்தால் எனக்குக் கூசுமா என்று பார்த்துக்கொள்கிறேன், கூசினால் திருத்துகிறேன்.

உலகத்துக்குக் காட்டும் நோக்கமே இல்லாதவர்களின் படைப்பு இன்னும் நுட்பமானது. சிகாகோவில் மருத்துவமனைத் துப்புரவுப் பணியாளராக இருந்து 1973இல் இறந்த ஹென்றி டார்கரின் அறையில் 15,000 பக்கங்களுக்கு மேற்பட்ட ஒரு கதையும் அதற்கான ஓவியங்களும் கிடைத்தன. அவரை இன்று உலகம் கொண்டாடுகிறது. அவர் அதை விரும்பியிருப்பாரா என்ற கேள்விக்கு விடை இல்லை. உயிரோடிருக்கும் தனிமனிதரின் அத்தகைய படைப்பு என்றால், கேட்காமல் பகிர்வதில்லை.

எனக்கு நிரல் எழுதத் தெரியாது. நானே ஒரு பக்கத்தை அமைத்துவிட முடியுமா?

முடியும். தலைப்பு, பத்தி, படம், இணைப்பு என்ற நான்குக்கும் உரிய குறிகளை, இணையப் பக்கங்களை எழுதும் மொழியான ஹெச்டிஎம்எல்லில், ஒரு மாலைப் பொழுதில் கற்றுக்கொள்ளலாம். உலகளாவிய வலையை உருவாக்கிய டிம் பெர்னர்ஸ்-லீ ஐரோப்பாவின் செர்ன் இயற்பியல் ஆய்வு மையத்தில் எழுதிய முதல் இணையதளத்தின் மீட்டெடுத்த பிரதி இன்றைய கைப்பேசியிலும் திறக்கிறது. காரணம், அதில் எழுத்தும் இணைப்பும் தவிர வேறொன்றும் இல்லை.

ஒன்றை மட்டும் மறக்க வேண்டாம். பக்கத்தின் தலைப்பகுதியில் வியூபோர்ட் என்ற ஒரு வரிக் குறிப்பைச் சேர்க்காவிட்டால், கைப்பேசி உலாவி உங்கள் பக்கத்தை மேசைக்கணினிக்கானது என்று எண்ணிச் சுமார் 980 பிக்சல் அகலத்தில் அடுக்கிச் சுருக்கிக் காட்டும். "என் பக்கம் கைப்பேசியில் எறும்பு போலத் தெரிகிறது" என்று என்னிடம் வந்தவர்களில் பெரும்பாலோர் அந்த ஒரு வரியைத்தான் விட்டிருந்தார்கள்.

ஆங்கிலத் தளங்களில் சொல்லும் வடிவமைப்புக் குறிப்புகளை அப்படியே செய்தேன். தமிழில் பார்க்க நன்றாக இல்லை. ஏன்?

அந்தக் குறிப்புகள் வேறு எழுத்துக்காக எழுதப்பட்டவை என்பதால்தான். தமிழில் "கி", "கீ" மேலே வளைகின்றன. "கு", "கூ" போன்றவை கீழே இறங்குகின்றன. வரிகள் நெருங்கினால் மேல் வரியின் வாலும் கீழ் வரியின் வளைவும் மோதிக்கொள்ளும். வரி உயரத்தை எழுத்தின் அளவைப் போல 1.6 முதல் 1.8 மடங்கு வரை வையுங்கள். எழுத்தின் அளவு 18 பிக்சலுக்குக் குறைய வேண்டாம்.

அடுத்து, தமிழ்ச் சொற்கள் ஒட்டிச் சேர்ந்து நீள்பவை. "கண்டெடுக்கப்பட்டவற்றிலிருந்து" என்ற ஒரே சொல் கைப்பேசித் திரையின் அகலத்தை ஏறத்தாழ விழுங்கிவிடும். ஆகவே இருபக்க ஓரங்களையும் நேராக்கும் அமைப்பைத் தவிருங்கள். சொற்களுக்கிடையே குளம் போல வெற்றிடம் தேங்கும். இடது ஓரம் மட்டும் நேராக இருந்தால் போதும். அகலத்தை மீறும் சொல்லை உடைத்து அடுத்த வரிக்குக் கொண்டுசெல்லும் ஓவர்ஃப்ளோ-ராப் என்ற சிஎஸ்எஸ் (பக்கத்தின் தோற்றத்தை வகுக்கும் மொழி) பண்பையும் சேர்த்துவிடுங்கள். தலைப்புகளுக்கு அது கட்டாயம்.

சாய்வெழுத்து தமிழ் அச்சு மரபில் வேரூன்றியது அன்று. எழுத்துருவில் சாய்வு வடிவம் இல்லாதபோது உலாவி எழுத்தைப் பலவந்தமாகச் சாய்த்துக் காட்டும். வலியுறுத்த வேண்டுமானால் தடித்த எழுத்தோ நிறமோ போதும். எழுத்துகளுக்கிடையே இடைவெளி விடும் அலங்காரமும் நமக்குப் பொருந்தாது. "கொ" போன்ற எழுத்தின் கொம்பும் காலும் சூழ இடம் விழுந்தால் சொல்லே சிதறித் தெரிகிறது. கடைசியாக, பக்கத்தின் மொழி தமிழ் என்பதை ஹெச்டிஎம்எல்லின் லாங் பண்பில் குறிப்பிடுங்கள். திரையை வாசித்துக்காட்டும் மென்பொருள் சரியான குரலைத் தேர்ந்தெடுப்பது அதைக் கொண்டுதான்.

நிறம் தேர்ந்தெடுப்பதற்கு ஏதேனும் கணக்கு உண்டா, எல்லாம் ரசனைதானா?

கணக்கு உண்டு. இணைய அணுகல்தன்மைக்கான சர்வதேச வழிகாட்டுதலின்படி, சாதாரண எழுத்துக்கும் பின்னணிக்கும் இடையே குறைந்தது 4.5:1 என்ற வேறுபாட்டு விகிதமும், பெரிய எழுத்துக்கு 3:1 என்ற விகிதமும் வேண்டும். இதை அளந்து சொல்லும் இலவசக் கருவிகள் ஏராளம். இந்த எல்லையைத் தாண்டிவிட்டால் மற்றது ரசனைதான்.

படங்கள் அதிகமாகி என் பக்கம் ஆமை வேகத்தில் திறக்கிறது. என்ன செய்வது?

கேமராவில் எடுத்த கோப்பை அப்படியே ஏற்றியிருப்பீர்கள். படத்தின் அகலத்தை 1600 பிக்சல் அளவுக்குக் குறையுங்கள். ஒளிப்படத்துக்கு ஜேபெக் அல்லது வெப்பி, கோடும் தட்டையான நிறமும் உள்ள வரைபடத்துக்கு பிஎன்ஜி பொருத்தம். படத்தின் அகல உயரங்களைக் குறியிலேயே எழுதிவிட்டால், படம் வந்து சேரும்போது எழுத்துகள் துள்ளிக் கீழே ஓடாது. திரைக்கு வெளியே இருக்கும் படங்களை, வாசகர் அருகே வரும்போது மட்டும் இறக்கச் சொல்லும் லேசி என்ற ஒரு சொல் அமைப்பும் உண்டு.

அசையும் படங்களுக்கு ஜிஃப் வேண்டாம். 1987இல் வந்த அந்த வடிவம் அசைவின் ஒவ்வொரு தனிப்படத்துக்கும் 256 நிறங்களே கொண்டது. நீண்ட அசைவென்றால் கோப்பு பூதமாக வீங்கும். அதே காட்சியை ஒலியில்லாத சிறு காணொளியாக வைத்தால் பல மடங்கு சுருங்கும். பழைய ஜிஃப் படைப்பையே காட்சிப்படுத்துகிறீர்கள் என்றால் மட்டும் அதன் மூல வடிவிலேயே வையுங்கள்.

விந்தையான பொருளுக்கு விந்தையான வடிவமைப்புத்தானே பொருந்தும்? ஏன் உங்கள் பக்கம் இவ்வளவு சாதாரணமாக இருக்கிறது?

சட்டகம் கத்தினால் ஓவியம் கேட்காது. பார்ப்பவர் எது படைப்பு, எது அலங்காரம் என்று குழம்பினால், படைத்தவருக்குச் சேர வேண்டிய கவனத்தை நான் எடுத்துக்கொண்டதாகப் பொருள்.

வடிவமைப்பே படைப்பாக இருக்கும் இடம் வேறு. ஜோடி என்ற பெயரில் இயங்கும் இரு கலைஞர்கள் 1990களின் நடுப்பகுதியில் ஒரு பக்கம் செய்தார்கள். கறுப்புத் திரையில் பச்சை நிறத்தில் பொருளற்ற குறியீடுகள் சிதறிக் கிடக்கும், பக்கம் பழுதாகிவிட்டது என்றே தோன்றும். ஆனால் அதன் மூல நிரலைத் திறந்து பார்த்தால், அதே குறியீடுகள் வரிசையாக நின்று ஒரு வெடிகுண்டின் வரைபடமாக விரியும். அப்படி ஒரு காரணம் உங்களிடம் இருந்தால் எந்த விதியையும் உடையுங்கள், மேலே நான் எழுதியவற்றையும் சேர்த்து.

பார்வையற்ற வாசகருக்கு ஒரு விந்தையான படத்தை எப்படி விவரிப்பது?

படத்துக்குப் பதிலாகத் திரைவாசிப்பு மென்பொருள் படித்துக்காட்டும் மாற்று உரையில் "வேடிக்கையான படம்" என்று எழுதினால் வேடிக்கை அவருக்குப் போய்ச் சேராது. தொலைபேசியில் நண்பரிடம் சொல்வது போல, முதலில் பொருள், பிறகு அதிலுள்ள முரண் என்ற வரிசையில் எழுதுங்கள்: "தேநீர்க் குவளை, அதன் கைப்பிடி குவளையின் உட்புறத்தில் ஒட்டப்பட்டிருக்கிறது". வெறும் அலங்காரக் கோடுகளுக்கு மாற்று உரையைக் காலியாக விடுவதே சரி.

இரண்டு ஆண்டுக்கு முன் நான் போட்ட இணைப்புகளில் பல செத்துவிட்டன. இதற்கு வழி உண்டா?

முழுமையான வழி இல்லை. 2013இல் இருந்த இணையப் பக்கங்களில் 38 விழுக்காடு பத்தாண்டுக்குப் பின் அணுக முடியாமல் போயிருந்ததாக அமெரிக்காவின் பியூ ஆய்வு மையம் 2024இல் கணக்கிட்டது. யாரும் இலவசமாகத் தமக்கொரு பக்கம் அமைக்க இடம் தந்த, 1994இல் தொடங்கிய ஜியோசிட்டீஸ் 2009 அக்டோபரில் மூடப்பட்டபோது லட்சக்கணக்கான தனிமனிதப் பக்கங்கள் ஒரேயடியாக மறைந்தன. தன்னார்வலர்கள் இரவு பகலாக நகலெடுத்துச் சுமார் ஒரு டெராபைட் அளவைக் காப்பாற்றியதால்தான் அவற்றில் ஒரு பகுதியை இன்று பார்க்க முடிகிறது.

ஒன்றைப் பகிரும் அன்றே, அந்தப் பக்கத்தை இணையப் பக்கங்களின் பிரதிகளைக் காத்துவைக்கும் இன்டர்நெட் ஆர்க்கைவின் வேபேக் மெஷினில் சேமித்துவிடுங்கள். ஒரு நிமிட வேலை. மூல இணைப்பு செத்த பிறகு சேமித்த பிரதிக்கு இணைப்பை மாற்றலாம். அதுவரை மூலத்துக்கே அனுப்புங்கள், வருகையாளர்கள் படைத்தவருக்கு உரியவர்கள். மூன்றாவது கேள்வியில் சொன்ன மூன்று வரிகள் இங்கேயும் உதவும்: இணைப்பு இறந்தாலும், அது என்ன, யாருடையது என்பது உங்கள் பக்கத்தில் எஞ்சியிருக்கும்.

படைத்தவரே "நீக்கிவிடுங்கள்" என்று எழுதுகிறார். உரிமம் என் பக்கம் தெளிவாக இருக்கிறது. நீக்கத்தான் வேண்டுமா?

சட்டப்படி பெரும்பாலும் கட்டாயமில்லை. கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தை நிபந்தனைப்படி பயன்படுத்தியவரிடமிருந்து அதைத் திரும்பப் பெற முடியாது. இருந்தும் நான் நீக்கிவிடுகிறேன். இருபது வயதில் செய்ததை நாற்பது வயதில் காண விரும்பாதவர்கள் உண்டு. பெயரை மாற்றிக்கொண்டவர்கள் உண்டு. காரணம் கேட்பதில்லை. சேமித்த பிரதிக்கான இணைப்பையும் சேர்த்தே எடுத்துவிட வேண்டும், இல்லையென்றால் முன்வாசலைப் பூட்டிப் பின்வாசலைத் திறந்து வைத்ததாகிவிடும். "படைத்தவர் கேட்டுக்கொண்டதால் நீக்கப்பட்டது" என்று பெயரோடு அறிவிப்பு ஒட்டுவதும் வேண்டாம். அதுவே ஆர்வத்தைக் கிளப்பி நாலு பேரைத் தேட வைக்கும்.

விதிவிலக்கு ஒன்று: எழுதியவர் உண்மையிலேயே படைத்தவர்தானா என்று உறுதி செய்துகொள்ளுங்கள். அவருடைய தளத்தில் உள்ள முகவரியிலிருந்து ஒரு வரி அனுப்பச் சொன்னால் போதும். ஒருமுறை அப்படிக் கேட்டதும், நீக்கச் சொன்னவர் பிறகு எழுதவேயில்லை. அந்தப் படம் இன்னும் என் பக்கத்தில் இருக்கிறது.